துரையைத் தலைகீழாகப் பிடித்த வழக்கு

புசல்லாவை அந்தோனிமுத்து ஐம்பத்திரண்டு வயதில் ஒரே ஒரு குற்றம்தான் செய்தார். அதையும் பஸ் கண்டக்டர் சொல்லித்தான் செய்தார்.

அவர் தையல்காரர். மனைவி பெற்றீசியாவுக்குப் பித்தப்பையில் கல் என்று பேராதனை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. கட்டிலில் படுத்தபடி அவள் புனித அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தாள். சுகமாக வீடு திரும்பினால், குஞ்சிலிருந்து வளர்த்த சேவலை அவருடைய கோயிலுக்குக் கொடுப்பதாக. உயிரோடு கொடுப்பதாக. திருநாளன்று இப்படி வரும் கோழிகளைப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் ஏலம் விடுவார்கள். அதோடு நேர்த்தி தீர்ந்தது.

அந்தச் சேவலுக்குப் பெயர் துரை. தோட்டத்துத் துரைமார் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஒருவரையும் பார்க்காத மாதிரி எல்லாரையும் பார்த்துக்கொண்டு நடக்கும்.

திருநாள் செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு பஸ்ஸில் மனிதனுக்கே கால் வைக்க இடம் இருக்காது. அதனால் முந்தின புதன்கிழமையே துரையைக் கொண்டுபோய்க் கோயிலுக்குக் கிட்ட, குண்டசாலையில் இருக்கும் தங்கை ஷிராணி வீட்டில் விட்டுவிடலாம் என்று அந்தோனிமுத்து புறப்பட்டார். பாதி வழியில் துரை பையைக் கிழித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டிப் பக்கத்துப் பெண்ணின் காதணியைக் கொத்தப் பார்த்தது.

"அண்ணே, காலப் பிடிச்சுத் தலைய கீழ போடுங்க. அப்ப சத்தமே போடாது" என்றார் கண்டக்டர்.

போட்டார். சத்தம் போடவில்லை. கண்டியில் குட்செட் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, குண்டசாலை பஸ்ஸைத் தேடி நடக்கும்போதும் அதை நிமிர்த்த மறந்துவிட்டார். மொத்தம் ஐந்து நிமிஷம் இருக்கும்.

"நில்லுங்க. கோழிய அசைக்காம நில்லுங்க."

நீல ஜக்கட் போட்ட இளைஞர் ஒருவர் முன்னால் நின்றார். விலங்கு வதைத் தடுப்பு அமுலாக்கற் பணியகத்தின் கள அதிகாரி சுதேஷ். ஜக்கட்டின் முதுகில் 'வாயில்லா ஜீவனுக்கு வாய் நாங்கள்' என்று எழுதி, கீழே ஒரு தொலைபேசி எண்ணும் போட்டிருந்தது.

"ஐயோ, மன்னிச்சுக்குங்க சேர். மறந்துட்டேன்" என்று அந்தோனிமுத்து துரையை நிமிர்த்தப் போனார்.

"திருப்பாதீங்க. திருப்பினா ரெண்டாவது குத்தம். சான்ற மாத்தினதாப் போயிரும்."

அவர்கள் நின்ற இடத்துக்குப் பின்னால் ஒரு கோழிக்கடை. உரித்த கோழிகள் பதினொன்று, காலைக் கொக்கியில் மாட்டித் தலைகீழாகத் தொங்கின. அந்தோனிமுத்து சும்மா அதைப் பார்த்தார். சுதேஷும் திரும்பிப் பார்த்தார்.

"அது சாப்பாடு. இது ஜீவன்."

"இத நான் அறுத்துக் கொண்டுவந்திருந்தா சேர்?"

"அறுத்திருந்தா நான் ஏன் உங்களோட கதைக்கப் போறேன்? அறுக்கிறது குத்தமில்ல. கவுத்துப் பிடிக்கிறதுதான் குத்தம்."

பணியகம் நகருக்குள்ளேயே ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. எழுதுவினைஞர் ரபீகா படிவத்தை எடுத்து வைத்தாள்.

"பேர் செல்லுங்க."

"அந்தோனிமுத்து."

"உங்கட பேர் பொறகு. பாதிக்கப்பட்டவர்ட பேர்."

"துரை."

"பிடிபட்ட நேரம் எந்த நிலையில ஈந்த?"

"தலைகீழ்" என்றார் சுதேஷ்.

ரபீகா எழுதினாள். பிறகு சுவரைக் காட்டினாள். அங்கே கண்ணாடிச் சட்டம் போட்ட சுற்றறிக்கை ஒன்று தொங்கியது. சான்றுப் பொருளான விலங்கை எந்த நிலையில் கண்டார்களோ, விசாரணை முடியும்வரை அலுவலக நேரத்தில் அதே நிலையில் வைத்திருக்க வேண்டும். அதை விற்கவோ, அறுக்கவோ, உண்ணவோ கூடாது. நடந்தது கொடுமையா இல்லையா என்று தீர்மானிப்பவர் மிருக வைத்தியர் மட்டுமே. தொலைபேசியில் யார் முறைப்பாடு செய்தாலும், மிக அருகில் இருக்கும் அதிகாரி அந்தக் கணமே செயற்பட வேண்டும்.

சுதேஷ் சுவரில் ஓர் ஆணியைப் பார்த்து வைத்துக்கொண்டு துரையின் காலை நோக்கிக் கையை நீட்டினார்.

"சேர்" என்றாள் ரபீகா. "தொங்கவிட்டது யாரு எண்டு இதுல ஒரு கட்டம் ஈக்குது. உங்கட பேர்தான் வரும்."

சுதேஷ் கையை எடுத்தார்.

பிரச்சினை இதுதான். துரையை நிமிர்த்தினால் சான்று அழியும். தலைகீழாகப் பிடித்தால், பிடிப்பவர் அதே குற்றத்தைச் செய்தவர் ஆவார். இருபது நிமிஷம் ரபீகா படிவத்தை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். துரை தலைகீழாகவே ஒரு கண்ணைத் திறந்து சுற்றறிக்கையைப் பார்த்தது. கடைசியில் உள்ளறையிலிருந்து பணிப்பாளர் அன்னலட்சுமி வந்தார். முப்பது வருட சேவை. கோபப்படும்போதுகூட மேடையில் நிற்பது மாதிரியே பேசுவார்.

"ஒரே குற்றத்துக்காக ஒருவர்மீது இரண்டு முறை வழக்குத் தொடர முடியாது. ஆகவே இந்த நாட்டில் இந்தச் சேவலைத் தலைகீழாகப் பிடிக்கச் சட்டப்படி தகுதியுள்ளவர் ஒரே ஒருவர்தான்."

எல்லாரும் அந்தோனிமுத்துவைப் பார்த்தார்கள்.

"நாளையிலிருந்து ஒன்பது மணிக்கு வாருங்கள். ரெஜிஸ்டரில் கையெழுத்து வையுங்கள். நான்கேகாலுக்குப் போகலாம்."

"மேடம், செவ்வாய்க்கிழமை இத உயிரோட கோயில்ல குடுக்கணும். நேர்த்தி."

"உயிர்தான் எங்கள் குறிக்கோளும்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

அப்படி அந்தோனிமுத்து அரசாங்க உத்தியோகத்தில் சேர்ந்தார். சுற்றறிக்கைக்கு நேரே உட்கார ஒரு மர வாங்கு. அதுதான் அவருடைய இடம். நான்கேகாலுக்குச் சட்டம் முடிந்ததும் துரையை ஃபைல் அறைக்குள் விட்டுப் பூட்டுவார்கள். அது இரவில் பழைய முறைப்பாடுகளின்மேல் ஏறி உட்காரும். காலையில் அந்த முறைப்பாடுகளின்மேல் எச்சத்தைப் பார்த்தால், இத்தனை வருடத்தில் முதல் தடவையாக யாரோ கவனித்திருக்கிறார்கள் என்று தெரியும்.

அதிகாரிகள் ஆசனத்தில் இருக்கும் நேரம்தான் துரைக்குக் கஷ்டம். நல்லவேளையாக அது அரசாங்க அலுவலகம். பத்து மணிக்குத் தேநீருக்குப் போனவர்கள் பதினொன்றரைக்குத்தான் வருவார்கள். அதுவரை துரை அந்தோனிமுத்துவின் மடியில் நிமிர்ந்து உட்கார்ந்து ரபீகா பிய்த்துப் போடும் பாண் துண்டைக் கொத்தும். படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டால் ரபீகா இருமுவாள். அந்தோனிமுத்து கவிழ்ப்பார். மூன்றாம் தடவைக்குப் பிறகு, அவள் இருமினாலே துரை தானாகக் காலை நீட்டியது.

வியாழக்கிழமை மிருக வைத்தியர் ஹபீல் வந்தார். கண்ணிமையை விரித்துப் பார்த்தார். கொண்டையைத் தடவினார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்.

"நல்லா ஈக்குதே. கஷ்டப்பட்டதுக்கு ஒரு அறிகுறியும் இல்ல. அறிகுறி வந்த பொறகு கூப்பிடுங்க."

"இன்னும் ரெண்டு நாள் பிடிச்சா வரும் டொக்டர்" என்றார் சுதேஷ்.

அந்தோனிமுத்து துரையின் நெஞ்சுக்குக் கீழே மறுகையைக் கொடுத்தார். "அறிகுறி வந்தா என்ன சேர் நடக்கும்?"

"வழக்குப் பலமாகும்."

"வராட்டி?"

"வர்ற வரைக்கும் வச்சிருப்போம். அவசரப்பட்டு ஒரு ஜீவனுக்கு அநியாயம் செய்ய ஏலாதுதானே."

துரை சாகக் கிடந்தால்தான் வழக்கு நகரும். நன்றாக இருந்தால் ஆயுள் முழுதும் இங்கேதான். அன்றைக்குப் பின்னேரம் பெற்றீசியா ஃபோனில் கோல் எடுத்தாள்.

"துரை எங்க?"

"என் கையிலதான் இருக்கு."

"நல்லா இருக்கா?"

"தலை கீழ இருக்கு. மத்தப்படி நல்லா இருக்கு."

"இந்தாங்க, உயிரோட குடுக்கணும், மறந்துறாதீங்க. அந்தோனியாரு காணாமப்போனதத் தேடிக் குடுப்பாரு. செத்துப்போனத எழுப்பிக் குடுக்கச் சொல்லி நான் கேக்க ஏலாது."

வெள்ளிக்கிழமை அந்தோனிமுத்து சுதேஷிடம் அரை நாள் கேட்டார். புசல்லாவையில் ஒரு மாப்பிள்ளையின் கோட்டுக்குக் கை வைக்க வேண்டியிருந்தது, அன்று பின்னேரமே கல்யாணம்.

"லீவு அதிகாரிக்கு. குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு லீவு கிடையாது" என்றார் சுதேஷ். "அப்பிடி ஒரு படிவமே அச்சடிக்கல்ல."

மாப்பிள்ளை கையில்லாத கோட்டோடு கல்யாணம் முடித்தார். அது புது ஃபெஷன் என்று அவருடைய தம்பி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்ததாகப் பிறகு கேள்வி.

சனியும் ஞாயிறும் பணியகம் பூட்டு. விலங்குகளைக் கொடுமைப்படுத்துகிறவர்களும் அந்த இரண்டு நாளும் ஓய்வெடுப்பார்கள் என்பது பணியகத்தின் நம்பிக்கை. அந்தோனிமுத்து குண்டசாலையிலிருந்து பஸ் ஏறி வந்து, காவலாளியிடம் கெஞ்சி, ஃபைல் அறை யன்னல் கம்பிக்கிடையால் சோற்று உருண்டைகளை உள்ளே எறிந்தார். உள்ளேயிருந்து துரை ஒரு குரல் கொடுத்தது. அவர் இரண்டு நாளும் அந்த ஒரு குரலைக் கேட்பதற்காகவே வந்தார்.

திங்கட்கிழமை விலங்கு நேய வாரத்தின் தொடக்க விழா. அலுவலகத்துக்குள் கதிரைகள் போட்டு, குத்துவிளக்கு வைத்து, பல திணைக்களங்களிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்தோனிமுத்துவை மேடைக்குப் பக்கத்தில், பதாகைக்குக் கீழே, துரையோடு நிறுத்தினார்கள். பணிப்பாளர் பேசினார்.

"அன்பானவர்களே, கொடுமை என்றால் என்ன என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். இதோ, நேரில் பாருங்கள். கடந்த புதன்கிழமை இந்த அப்பாவி ஜீவன் நடுத்தெருவில் தலைகீழாக இருந்தது. வெறும் ஐந்து நிமிடங்கள். எமது பணியகம் தலையிட்டது. இன்று ஆறாவது நாள். அதே நிலையில், ஓர் இம்மியும் மாறாமல், அதை நாங்கள் பாதுகாத்து வைத்திருக்கிறோம். நாங்கள் இருக்கும்வரை எந்தக் கொடுமையும் இந்த மாகாணத்தில் அழிந்துபோக விடமாட்டோம்."

நீண்ட கைதட்டல். துரைக்கும் ஒரு மாலை போட்டார்கள். தலைகீழாக இருந்ததால் அது கழன்று விழுந்தது.

விழா முடிந்து எல்லாருக்கும் பகல் சாப்பாட்டுப் பார்சல் கொடுத்தார்கள். கோழிப் புரியாணி. அந்தோனிமுத்து வாங்கின் ஓரத்தில் பார்சலைப் பிரித்துத் துரையின் முன்னால் வைத்தார். அது தலைகீழாகத் தொங்கியபடியே சோற்றை மட்டும் கொத்தித் தின்றது. இறைச்சித் துண்டைச் சுற்றி ஒரு வட்டத்தைத் தொடாமல் விட்டது.

"மேடம்" என்று ரபீகா மெதுவாகப் பணிப்பாளரிடம் போனாள். "மேலிடத்துக்கு அறிக்கை நாலு மணிக்கு அனுப்பணும். 'மீட்கப்பட்ட விலங்குகள்' எண்ட இடத்துல என்ன போட?"

"ஒன்று போடுங்கள். அதோ இருக்கிறதே."

"அது இன்னும் கொடுமைக்குள்ளதானே மேடம் ஈக்குது. நிமித்தி ஒப்படைச்சாத்தான் மீட்டது."

பணிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று பத்து. துரையை நிமிர்த்தச் சொன்னார். ஆனால் சும்மா கொடுக்க முடியாது; பயிற்சி பெற்ற பாதுகாவலர் ஒருவரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். கோழியைக் கையாண்டதற்கு அலுவலக ரெஜிஸ்டரில் தொடர்ச்சியாகக் கையெழுத்து வைத்த ஆள் யார் என்று தேடினார்கள். ஒரே ஒருவர்தான் இருந்தார். ஆக, வழக்கு மூடப்பட்டு, சேவல் புசல்லாவை அந்தோனிமுத்துவிடமிருந்து மீட்கப்பட்டுப் புசல்லாவை அந்தோனிமுத்துவிடம் ஒப்படைக்கப்பட்டது. படம் எடுக்கும்போது அவர் இடக்கையால் கொடுத்து வலக்கையால் வாங்கினார்.

செவ்வாய்க்கிழமை பெற்றீசியா சேலை கட்டி வந்திருந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் ஏறிய முதல் பஸ். துரையை நெஞ்சோடு அணைத்தபடி பூசை முழுவதும் முழங்காலில் இருந்தாள். துரை நடுப்பூசையில் ஒரு தடவை கூவியது. சுவாமியார் சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பூசை முடிந்து அவள் அதைக் கொடுத்தாள். உயிரோடு. நேர்த்தி தீர்ந்தது.

வாசலில் ஏலம் தொடங்கியது. துரையின் முறை வந்தபோது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது. உயர்ந்த கை இறங்கவே இல்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். கையின் கீழே சுதேஷ் இருந்தார், ஜக்கட் இல்லாமல்.

"சேர், நீங்க எங்க இங்க?"

"நாளைக்கு விலங்கு நேய வாரத்துக்கு ஒஃபிஸ்ல விசேஷ சாப்பாடு அண்ணன். மேடம் ஊர்க்கோழிதான் வேணும்னுட்டாங்க. புரொய்லர் கோழியக் கொடுமையா வளர்க்கிறாங்களாம்."

அவர் துரையை இரண்டு காலிலும் பிடித்து, தலைகீழாகத் தூக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளை நோக்கி நடந்தார். துரைக்குப் பழக்கம், சத்தம் போடவில்லை.

"சேர், தலைகீழா..."

"நான் இன்னைக்கு லீவு."

பெற்றீசியா சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டினாள். "நான் குடுத்துட்டேன். இனி அது அந்தோனியார் பாடு" என்றாள். ஆனால் அவள் துரை இருக்கும் பக்கம் பார்க்கவில்லை. கோயில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரியில் வலி வந்தபோதும் இப்படித்தான் சுவரைப் பார்த்தபடி கிடந்தாள்.

அந்தோனிமுத்து ஒரு நிமிஷம் நின்றார். நாலு நாள் சுவரில் பார்த்த சுற்றறிக்கை அவருக்கு இப்போது செபம் மாதிரி மனப்பாடம். சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் நூல்கட்டையைத் தடவிக்கொண்டே சுதேஷிடம் போனார்.

"சேர், ஹேண்டில்ல சும்மா மாட்டினா வழியில அவுந்துரும். கொஞ்சம் தூக்கி, நெஞ்சோட அணைச்சுப் பிடிங்க. நான் காலைக் கட்டித் தர்றேன்."

சுதேஷ் துரையை நிமிர்த்தி, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அந்தோனிமுத்து பையிலிருந்து நூலை எடுக்கவில்லை. ஃபோனை எடுத்துப் பணியகத்துக்கு அடித்தார்.

"வாயில்லா ஜீவனுக்கு வாய் நாங்கள். செல்லுங்க."

"மகள், நான் அந்தோனிமுத்து."

"அண்ணனா? ரெஜிஸ்டர்ல இண்டைக்கு உங்கட கையெழுத்து இல்லாம என்னவோ மாதிரி ஈக்குது."

"ஒரு முறைப்பாடு குடுக்கணும் மகள். ஜீவன் சேவல். தலை மேல. ரெண்டு கையால நெஞ்சோட சேத்து இறுக்கிப் பிடிச்சிருக்காரு."

"அது கொடுமையா அண்ணன்?"

"அதத் தீர்மானிக்கிறது டொக்டர் மட்டும்தானே. சுவத்துல அப்பிடித்தானே போட்டிருக்கு."

மறுபக்கம் கதிரை நகரும் சத்தம். பிறகு கடதாசி புரளும் சத்தம்.

"சரிதான். பக்கத்துல ஈக்கிற அதிகாரி யாரு?"

"சுதேஷ் சேர்."

"பிடிச்சிக்கிட்டு ஈக்கிறவர்?"

"சுதேஷ் சேர்."

"ஃபோனை அவர்ட காதுல வைங்க." அந்தோனிமுத்து வைத்தார். ரபீகாவின் குரல் வெளியிலும் கேட்டது. "சேர், அசைக்காம நில்லுங்க."

"ரபீகா, விளையாடாத. நான் லீவுல நிக்கிறேன்."

"லீவு அதிகாரிக்கு சேர். குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு லீவு இல்ல. அப்பிடி ஒரு படிவமே அச்சடிக்கல்லதானே. கோழிய மட்டும் திருப்பிறாதீங்க. திருப்பினா ரெண்டாவது குத்தம்."

அன்று இரவு கணவனும் மனைவியும் ஷிராணி வீட்டில் தங்கினார்கள். புதன்கிழமை ஊருக்குப் போகும் வழியில் பெற்றீசியா ஒருதரம் பார்க்க வேண்டும் என்றாள். படியேறினார்கள். பகல் சாப்பாட்டுக்கு மேசைமேல் பருப்பும் பாணும் வைத்திருந்தது. சுற்றறிக்கைக்கு நேரே அதே வாங்கு. சுதேஷ் உட்கார்ந்திருந்தார். துரை அவருடைய நெஞ்சில் சாய்ந்து, நெஞ்சை நிமிர்த்தி, ஒருவரையும் பார்க்காத மாதிரி எல்லாரையும் பார்த்துக்கொண்டு, சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டிருந்தது. இரண்டு போய்விட்டது. ரபீகா இருமிப் பார்த்தாள். துரை காலை நீட்டவில்லை. இனி அதற்கு அவசியம் இல்லை என்று தெரிந்துவிட்டது போல.

வைத்தியர் ஹபீல் குழாயைக் காதில் மாட்டித் துரையின் நெஞ்சைக் கேட்டார். பிறகு, கொஞ்சம் யோசித்து, அதே குழாயைச் சுதேஷின் நெஞ்சில் வைத்தார்.

"கோழி நல்லா ஈக்குது" என்றார். "பிடிச்சிக்கிட்டு ஈக்கிறவருக்குத்தான் கஷ்டத்திட அறிகுறி வந்தீக்குது."

சுதேஷ் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப என்ன டொக்டர் செய்றது?"

ஹபீல் ரபீகாவைப் பார்த்தார். ரபீகா மேசை லாச்சியை இழுத்துப் படிவங்களை ஒவ்வொரு கட்டாகத் தேடினாள். மாடு இருந்தது. ஆடு, குதிரை, கழுதை, பன்றி இருந்தது.

"மனிசருக்குப் படிவம் இல்ல சேர்" என்று லாச்சியை மூடினாள்.